முன் சக்கர பேரிங்: திறந்ததா, தகடு மூடியதா, ரப்பர் சீல் வைத்ததா?

பைக்கின் முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்தால் லொடலொடவென்று ஆடுகிறது. ஆக்ஸிலை (சக்கரத்தின் நடுவே போகும் அச்சுக் கம்பி) உருவிவிட்டு விரலால் பேரிங்கைச் சுற்றினால் நறநறக்கிறது. அப்படியென்றால் மாற்றியே ஆக வேண்டும். எதைப் போடுவது என்பதில்தான் குழப்பம்.

முதலில் பழைய பேரிங்கில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். 6202 என்றால் உள்துளை 15 மி.மீ., வெளிவிட்டம் 35, அகலம் 11. அதே அளவில் மூன்று வகை கிடைக்கும்: இருபுறமும் திறந்தது, தகடு மூடிய இசட்இசட், ரப்பர் சீல் வைத்த 2ஆர்எஸ்.

பழைய வண்டிகள் பலவற்றில் திறந்த பேரிங்தான் வந்தது. கழுவலாம், குண்டுகளைக் கண்ணால் பார்க்கலாம், புது கிரீஸ் அடைக்கலாம். ஆனால் தண்ணீரைத் தடுக்க ஹப்பில் (பேரிங் உட்காரும் சக்கரத்தின் நடுக்கூடு) உள்ள ஆயில் சீல் என்ற ரப்பர் வளையம் ஒன்றுதான் காவல். பல வருடம் ஓடிய வண்டியில் அந்த சீலின் உதடு உரசும் இடமே தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கும். புது சீல் போட்டாலும் சரியாகப் பிடிக்காது. வருடா வருடம் சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பவருக்கு மட்டுமே இது சரிப்படும்.

இசட்இசட் எனக்கு இந்த இடத்தில் பிடிக்காது. தகடு உள்வளையத்தைத் தொடாமல் நிற்பதால் இடையில் ஒரு மெல்லிய சந்து இருக்கும். தூசியைத் தடுக்கும், மழைத்தண்ணீரைத் தடுக்காது. கழுவிப் புது கிரீஸ் வைக்கவும் வசதியில்லை.

என் ஓட்டு 2ஆர்எஸ்ஸுக்குத்தான். ரப்பர் உரசுவதால் சூடாகும் என்று சிலர் தயங்குவார்கள். 18 அங்குலச் சக்கரம் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 850 சுற்றுதான் சுற்றும். இந்த அளவு சீல் பேரிங் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேலேயே தாங்கும். பேரிங்கின் உள்பக்க சீலைப் பிடுங்கிவிட்டு ஹப் நிறைய கிரீஸ் அடைக்கும் வழக்கமும் தேவையில்லை. வெளியே ஆயில் சீலையும் மறக்காமல் புதிதாகப் போடுங்கள், இரட்டைக் காவல்.

எதை வாங்கினாலும், பொருத்துவதில் கோட்டை விட்டால் சீக்கிரமே போய்விடும். அதிலும் மூன்று வழி இருக்கிறது. சுத்தியலும் சாக்கெட்டும் (நட் கழற்றும் குழல் ஸ்பேனர்) போதும், ஆனால் சாக்கெட் வெளிவளையத்தில் மட்டும்தான் உட்கார வேண்டும்; உள்வளையத்தில் அடித்தால் குண்டுகள் ஓடும் பாதையில் தழும்பு விழும். (பழையதைக் கழற்றும்போது உள்வளையத்தைத்தான் அடிக்கிறோம், அதனால் கழற்றியதைத் திரும்பப் போடவே கூடாது.) நீளமான மரைக்கம்பி, இரண்டு நட், தடித்த வாஷர்கள் வைத்து இழுத்து ஏற்றுவது அதைவிட நல்லது, கோணாமல் போகும். எனக்குப் பிடித்தது மூன்றாவது: பேரிங்கை ஃப்ரீசரில் வைத்துவிட்டு, அலுமினிய ஹப்பை ஹீட் கன்னால் 100 டிகிரி வாக்கில் சூடாக்குவது. 35 மி.மீ. துளை சுமார் 0.06 மி.மீ. விரியும், பெரும்பாலும் கையால் தள்ளினாலே உட்கார்ந்துவிடும். ஹப்பில் உள்ள ஆயில் சீல்களையும் பிரேக் ஷூக்களையும் அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். பேரிங்கைப் பிடித்திருக்கும் பூட்டுவளையம் இருந்தால் அதையும் கவனியுங்கள், சில பழைய வண்டிகளில் அது இடது மரை, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் கழலும்.

முதல் பேரிங்கை அடிவரை உட்கார வைத்து, நடு ஸ்பேசரை (இரண்டு பேரிங்குக்கும் இடையே நிற்கும் குழாய்) உள்ளே விட்டு, அப்புறம் இரண்டாவதை ஏற்றுங்கள். அதன் உள்வளையம் ஸ்பேசரைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். மேலும் அடித்தால் இரண்டுக்கும் பக்கவாட்டு அழுத்தம் விழும். ஸ்பேசரை விட்டுவிட்டாலும் அதே கதிதான், ஆக்ஸில் நட்டை முறுக்கும்போது பேரிங்குகள் நசுங்கும். நட்டை முறுக்கிய பிறகு சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள்: முன்பு லேசாக ஓடியது இப்போது இறுக்கமாக ஓடினால் மறுபடி கழற்றி ஸ்பேசரைப் பாருங்கள்.