டால்ஸ்டாயா, ஸ்டைன்பெக்கா?

பேராசையைப் பற்றிய கதை ஒன்று பேசலாம் என்றதும் சேலத்து வாசிப்பு நண்பர்களிடையே இழுபறி.

நீளம்: ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாயின் 'ஒரு மனிதனுக்கு எவ்வளவு நிலம் தேவை?' (1886) சிறுகதை, ஒரே மூச்சில் முடியும். அமெரிக்க எழுத்தாளர் ஸ்டைன்பெக்கின் 'முத்து' (1947) குறுநாவல், ரெண்டு மூன்று நாள் பிடிக்கும்.

குறியீடு: டால்ஸ்டாயிடம் சூரியன். ஒரு பகலில் நடந்து வளைக்கும் நிலமெல்லாம் ஆயிரம் ரூபிளுக்கு என்பது பேரம். நிலத்துக்காரர்களின் தலைவனுடைய தொப்பியில் பணத்தை வைத்துவிட்டு, எல்லை குறிக்க மண்வெட்டியோடு கிளம்புகிறான் விவசாயி பாகோம். பொழுது சாய்வதற்குள் திரும்பாவிட்டால் பணம் போச்சு. திரும்ப வேண்டிய நேரத்தில் ஈரமான பள்ளம் ஒன்று கண்ணில் பட, அதையும் வளைத்துப் போடுகிறான். ஏற்காட்டில் பிளாட் பார்த்து அலைபவர்களுக்குச் சுருக்கென்று தைக்கும்! ஸ்டைன்பெக்கிடம் முத்து. ஆனால் அதைக் கண்டெடுத்த ஏழை முத்துக்குளிப்பவன் கினோவைவிட டாக்டரும் வியாபாரிகளும்தான் பேராசைக்காரர்கள்.

ஒரு சாயங்காலம், எல்லா வயதினரும் என்றால் பாகோம். கல்லூரிப் பிள்ளைகள் சுரண்டலைப் பற்றியும் வாதிட வேண்டுமென்றால் கினோ.