மரத்தில் காய்க்கும் மெழுகு: ஜப்பான் மெழுகுதிரிப் பெட்டி ஒன்று

திருகோணமலை உவர்மலையில் வீட்டின் பின் கொட்டிலில் 19 வருடமாக மெழுகுதிரி வார்க்கிறேன். நவம்பர் 2, மரித்தோர் நாளில் சேமக்காலையில் எரிகிறவற்றில் கொஞ்சம் என் கையால் போனவை. எனக்குத் தெரிந்தது பரபின் கட்டியும் நூல் திரியும்தான். ஜப்பானில் வேலை செய்யும் அக்காவின் மகன் லீவில் வந்து ஒரு பெட்டியை நீட்டி, “சின்னம்மா, இது மரத்தில காய்க்கிற மெழுகு” என்றபோது நான் நம்பவில்லை.

பெட்டியில் 10 மெழுகுதிரி. ஒவ்வொன்றும் நடுவிரலை விடச் சற்று நீளம், இளம் பச்சை கலந்த மங்கல் நிறம். விலை நம் காசில் 4000 ரூபாய்க்கு மேல். அங்கே இந்த மரத்தை ஹஜே என்கிறார்கள். தாவரவியல் பெயர் டொக்சிகோடென்ட்ரன் சக்சிடேனியம். நம் முற்றத்து மாமரம், கஜு, காட்டோரத்து ஒதி எல்லாம் இதன் குடும்பம்தான். ஒரு காம்பின் இரண்டு பக்கமும் சிற்றிலைகள் வரிசையாக இருக்கும். குளிர் தொடங்கும்போது மரம் முழுக்க இரத்தச் சிவப்பாகி, பிறகு இலை கொட்டிவிடும். அந்த நிறத்துக்காகவே தோட்டங்களில் வைத்தவர்கள் உண்டு. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெண் மரத்தில் கடலை அளவு காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். மெழுகு இருப்பது கொட்டைக்கும் தோலுக்கும் நடுவிலுள்ள சதையில். காயை இடித்து, ஆவியில் அவித்து, பிழிந்து எடுக்கிறார்கள்.

சரியாகச் சொன்னால் அது மெழுகு அல்ல, கொழுப்பு. அதில் பெரும்பகுதி பால்மிட்டிக் அமிலம். பாம் எண்ணெயிலும் நிறைய உள்ள அதே அமிலம். கிட்டத்தட்ட 50 பாகை செல்சியசில் உருகும். பரபின் துண்டை வளைத்தால் நொறுங்கும். இது விரல் சூட்டிலேயே இளகி ஒட்டுகிறது. சூமோ மல்லர்கள் கொண்டை முடியப் பூசும் பசையில் இதைச் சேர்ப்பது அந்த ஒட்டுக்காகத்தான்.

ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். வெட்டியதற்காக மனம் கஷ்டப்பட்டது, ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. உள்ளே மரத்தின் ஆண்டு வளையம் போல வட்டம் வட்டமாக இருந்தது. நான் செய்வது போல அச்சில் ஊற்றியதில்லை. உருகிய மெழுகை வெறுங்கையால் அள்ளி, திரியின் மேல் பூசி, காயவிட்டு, மறுபடி பூசியிருக்கிறார்கள். திரியும் நூல் இல்லை. கடதாசியைக் குழலாகச் சுருட்டி, அதன் மேல் கோரைத் தண்டின் சோற்றை, அதாவது உள்ளே பஞ்சு போல இருக்கும் பகுதியை, சுற்றியிருக்கிறது. நடுவில் துளை.

அந்தத் துளை வழியாகக் காற்று ஏறுவதால் சுடர் பெரிதாக நிற்கிறது, காற்றில்லாத அறையிலும் மூச்சு விடுவது போல எழுந்து தாழ்கிறது. கரண்ட் நின்ற ஓர் இரவில் மாதா சுரூபத்தின் முன்னால் கொளுத்தினேன். ஒரு மணியும் 10 நிமிடமும் எரிந்தது. சுவரில் கரி இல்லை, பரபின் மணம் இல்லை. ஒரு சொட்டு வழியவில்லை. அந்த வெளிச்சத்தில் அம்மாவின் படத்தைப் பார்த்துக்கொண்டு செபமாலை முழுதும் சொன்னேன். 19 வருடத்தில் நான் வார்த்த எதுவும் இப்படி எரிந்ததில்லை.

மறுநாள் விறாந்தையில் கச்சான் காற்றில் வைத்தேன். பக்கத்தில் வைத்த என் மெழுகுதிரி உடனே அணைந்தது, இது அணையவில்லை. ஆனால் சுடர் சாய்ந்து ஒரு பக்கம் முழுக்க வழிந்து 30 நிமிடத்தில் முடிந்தது. கருகிய திரியை இடையிடையே கத்தரித்துவிடவும் வேண்டும், இல்லாவிட்டால் சுடர் மிஞ்சிப் போகிறது. அடியில் ஓட்டை இருப்பதால் சாதாரணத் தாங்கியில் நிற்காது. நான் பலகையில் ஆணி அடித்து அதில் குத்தி வைத்தேன்.

வாங்குவதானால் வீட்டுக்குள் செபத்துக்கு வாங்குங்கள். கரண்ட் போனால் சமைக்கிற வெளிச்சத்துக்கு இந்த விலை கொடுக்காதீர்கள்.

அக்காவின் மகன் அடுத்த முறை இந்த மரத்தின் விதை கொண்டு வரவா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். சின்ன வயதில் கஜுக்கொட்டை சுட்டு எண்ணெய் பட்டு உதடு வெந்தவள் நான். இந்த மரத்தின் பாலும் பட்டால் தோலில் அப்படித்தான் கொப்புளம் போடும். அவுஸ்திரேலியாவில் அழகுக்கு வைத்த மரத்தின் பழங்களைப் பறவைகள் தின்று விதைகளைப் பரப்பி, இன்று அது களை. அனுமதி இல்லாமல் விதை கொண்டு வருவதும் சட்டப்படி குற்றம். அப்படியே முளைத்தாலும், குளிர் இல்லாத திருகோணமலையில் அந்தச் சிவப்பு எங்கிருந்து வரும்?

மீதி ஏழு இருக்கிறது. வெயில் படாத அலுமாரியில், கடதாசியில் சுற்றி வைத்திருக்கிறேன். ஒன்று நவம்பரில் அம்மாவின் கல்லறைக்கு. காற்றுக்குக் கண்ணாடிக் கூடு ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன்.