தடுப்பூசி போட்ட ஒரு மாதக் குஞ்சு என்று சொல்லி 6,500 ரூபாய்க்குக் கழிச்சல் நோயை விற்கிறார்கள், உஷார்

நாட்டுக்கோழிக் குஞ்சை ஆன்லைனில் பார்த்து வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் போடுங்கள். பழைய பைக்கில் இருந்து ஆட்டுக்குட்டி வரை ஆளாளுக்கு விற்றுக்கொள்ளும் செயலிகள் இருக்கின்றன இல்லையா, அப்படி ஒன்றில் வந்த விளம்பரம். பெயரைப் போட்டால் பதிவைத் தூக்கிவிடுவார்கள் என்பதால் போடவில்லை. 50 குஞ்சு, ஒன்று 120 ரூபாய். பெட்டிக்கும் பஸ் லக்கேஜுக்கும் சேர்த்து 500. ஆக 6,500. இப்போது உயிரோடு இருப்பது 6. அதிலும் இரண்டு கழுத்தை முறுக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

ஒரு மாதக் குஞ்சுக்குக் கூடுதல் காசு கொடுப்பதே அதுவரைக்குமான தடுப்பூசிக்காகத்தான். பொரித்த அன்றே கால் முடக்கும் மாரெக்ஸ் நோய்க்கு, கழுத்துத் தோலுக்கடியில் 0.2 மில்லி. ஏழாம் நாள் வாக்கில் கோழிக்கழிச்சல் என்கிற வைரஸ் நோய்க்கு லசோட்டா மருந்து, கண்ணில் ஒரு சொட்டு. பதினான்காம் நாள் வாக்கில், குஞ்சின் எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கும் கம்போரோ நோய்க்கு. நாலாவது வாரத்தில் மறுபடி லசோட்டா, குடிதண்ணீரில். விளம்பரத்திலேயே "4 தடுப்பூசியும் முடிந்தது" என்று இருந்தது. ஆதாரம் கேட்டதும் வாட்ஸப்பில் மருந்துக் குப்பியின் போட்டோ வந்தது. பேட்ச் எண் தெளிவு, காலாவதி தேதியும் தாண்டவில்லை. "அண்ணே, நம்ம பண்ணையில ஊசி போடாம ஒரு குஞ்சுகூட வெளிய போகாது, நீங்க நம்பி எடுங்க" என்று ஒரு வாய்ஸ் மெசேஜும் கூடவே. அந்த நிமிஷத்தில்தான் 6,500 போனது.

அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள் என்று இப்போது எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறேன். குப்பியின் அலுமினிய மூடி பிரிக்கப்படவே இல்லை. அடியில் மருந்து வெள்ளை வில்லையாக அப்படியே உறைந்து கிடக்கிறது. லசோட்டா உலர்த்திய மருந்து. கூடவே வரும் நீர்மத்தில் கரைத்த பிறகுதான் சொட்டு விட முடியும், கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். பிரிக்காத குப்பியில் இருந்து எந்தக் குஞ்சின் கண்ணுக்கும் சொட்டு போயிருக்காது. போதாததற்குக் குப்பி இருப்பது வெயில் அடிக்கும் திண்ணையில். 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய பொருள். அதை அப்புறம் கரைத்துப் போட்டிருந்தாலும் வெறும் தண்ணீர் விட்ட கதைதான்.

குஞ்சு இறங்கிய மறுநாளே வாயைத் திறந்து கர் கர் என்று மூச்சிழுப்பு, பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், இறக்கை தொங்கல். கோழிக்கழிச்சல் கிருமி உள்ளே போனால் அறிகுறி காட்டவே குறைந்தது இரண்டு நாள் ஆகும், பெரும்பாலும் ஐந்தாறு நாள். மறுநாளே தெரிந்தால் நோய் பெட்டிக்குள்ளேயே வந்திருக்கிறது. இதை விற்றவனிடம் சொன்னதும் "அண்ணே" போய் "சார்" வந்துவிட்டது. பிரயாண அலுப்பு சார். பிரயாண அலுப்பில் குஞ்சு சோர்ந்து உட்காரும். வெல்லத் தண்ணியோ எலக்ட்ரோலைட்டோ கொடுத்து இளஞ்சூட்டில் விட்டால் ஒரே நாளில் தெளிந்துவிடும், கழுத்து முறுக்காது. அடுத்து, உங்க தண்ணி சரியில்ல சார், ரத்தக்கழிச்சலா இருக்கும், ஆம்ப்ரோலியம் கலந்து வைங்க. எச்சத்தில் ஒரு பொட்டு சிவப்பு இல்லை. ஆம்ப்ரோலியம் ஒட்டுண்ணிக்கான மருந்து, வைரஸை ஒன்றும் செய்யாது. கடைசியாக என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுக்கச் சொன்னான். அதுவும் அப்படித்தான். கூடச் சேரும் பாக்டீரியாவைக் கொஞ்சம் அடக்கலாம், கோழிக்கழிச்சலை நிறுத்தாது. இந்த நோய்க்கு வந்தபின் மருந்தே கிடையாது, கோழி விற்கிறவனுக்கு இது தெரியாதா? மருத்துவர் இறந்த குஞ்சை அறுத்துப் பார்த்தபோது முன் இரைப்பையின் உட்சுவரில் ஊசி முனை அளவுக்கு ரத்தப் புள்ளிகள், கோழிக்கழிச்சலில் வழக்கமாகக் காணும் அடையாளம். அந்தப் படத்தை அனுப்பியதும் நம்பர் பிளாக்.

செயலிக்காரர்கள் இன்னும் மோசம். புகார் கொடுத்தால் "நாங்கள் விற்பவரையும் வாங்குபவரையும் இணைக்கும் தளம் மட்டுமே" என்று ஆயத்தமாக வைத்திருக்கும் பதில் ஒன்று வருகிறது, அடுத்த நிமிஷம் புகார் "தீர்க்கப்பட்டது" ஆகிவிடுகிறது. என்ன தீர்ந்தது? 6,500 அவன் கணக்கில், 44 குஞ்சு குழியில்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். எரிச்சலில் இவ்வளவுதான் வருகிறது.

குப்பி போட்டோ ஆதாரமே இல்லை. போட்ட தேதி, பேட்ச் எண், எத்தனை குஞ்சுக்கு என்று எழுதிய பதிவேட்டைக் கேளுங்கள். அதைவிட நேரில் போய்ப் பாருங்கள். கொட்டகையில் கைதட்டி ஓட்டினால் மூச்சுச் சத்தம் காட்டிக்கொடுக்கும். ஆசனவாயில் எச்சம் ஒட்டிக் காய்ந்திருந்தால் ஒன்றைக்கூடத் தொடாதீர்கள்.

யாரிடம் வாங்கினாலும் மூன்று வாரமாவது பழைய கோழிகளைவிட்டுத் தள்ளித் தனிக் கொட்டகை, தனித் தட்டு, தனிச் செருப்பு. தீனி வைப்பது முதலில் பழைய கோழிக்கு, கடைசியில் புதுசுக்கு, திரும்பி வரும்போது கை கால் கழுவல். ஒன்று சோர்ந்தாலும் அப்போதே தனியே எடுங்கள், மற்றதைக் கொத்த விடாதீர்கள். இன்னும் அறிகுறி காட்டாத பழைய கோழிகளுக்கு அன்றைக்கே மருத்துவரைக் கேட்டுத் தடுப்பூசி. ஏற்கெனவே கிருமி ஏறியதைக் காப்பாற்றாது, ஏறாததைக் காப்பாற்றும். எட்டு வாரம் தாண்டியவற்றுக்கு அரசு கால்நடை மருந்தகத்தில் கோழிக்கழிச்சலுக்கு இறக்கையில் போடும் ஊசி உண்டு, தேதி கேட்டுக்கொள்ளுங்கள்.

செத்ததை ஓடையில், குப்பையில் வீசாதீர்கள், பக்கத்து வீட்டுக் கோழியும் போய்விடும். நாய் தோண்ட முடியாத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். அதற்கு முன் புதிதாகச் செத்த ஒன்றை ஐஸ் பெட்டியில் வைத்து, ஃப்ரீசரில் உறைய விடாமல், மாவட்டத்தில் உள்ள கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். அந்த அறிக்கை இல்லாமல் எந்தப் புகாரும் நிற்காது.

பெட்டியை ஓரிடத்தில் வைத்துப் பிரிப்பதைத் தொடக்கத்தில் இருந்தே வீடியோ எடுங்கள். விளம்பரம், வாய்ஸ் மெசேஜ், பணம் போன ரசீது எல்லாவற்றையும் நம்பரைப் பிளாக் செய்வதற்கு முன்னாலேயே சேமித்துவிடுங்கள், விளம்பரத்தை அழித்துவிட்டால் அப்புறம் ஒன்றும் கிடைக்காது. நுகர்வோர் உதவி எண் 1915. பணத்தை வாங்கிக்கொண்டு குஞ்சே அனுப்பாமல் ஏமாற்றினால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.