மினிடெல்லா, என்எஸ்எஃப்நெட்டா?

மினிடெல், பிரான்சில் போன் லைன் வழியாகத் திரையில் தகவல் காட்டிய சேவை. என்எஸ்எஃப்நெட், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை இணைத்த கணினி வலை. இரண்டுமே அரசுப் பணத்தில் வளர்ந்தவை. ஆனால் காசு வசூலித்த விதம் வேறு.

1982-இல் பிரான்ஸ் தொலைபேசித் துறை, அச்சிட்ட டைரக்டரிக்குப் பதிலாக மினிடெல் கருவியை வீட்டுக்கு இலவசமாகவே கொடுத்தது. டைரக்டரியில் எண் தேட முதல் 3 நிமிடம் இலவசம். 3615 என்ற எண்ணைப் போட்டு மற்ற சேவைகளுக்குள் போனால் நிமிடக் கணக்கில் கட்டணம். அது போன் பில்லிலேயே வந்தது, சேவை நடத்தியவருக்கும் பங்கு இருந்தது. சாதாரண வீட்டுக்கு இதைவிட எளிய வழி அன்று இல்லை. ஆனால் சேவைகளுக்குள் நுழையும் வாசல் முழுக்கத் தொலைபேசித் துறையின் கையில்.

அமெரிக்காவின் என்எஸ்எஃப்நெட்டுக்கு தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதி தந்தது. அதன் முதுகெலும்பில், அதாவது வலைகளை இணைக்கும் மையப் பாதையில், வணிகத்துக்குத் தடை. பல்கலைக்கழகங்களுக்கு நிமிடக் கணக்கு இல்லை. இணைப்பின் அளவுக்கே கட்டணம். அதனால் மாணவர்கள் தயங்காமல் சோதித்துப் பார்த்தார்கள். 1995-இல் அரசு விலகி, தனியாரிடம் விட்டது. மினிடெல் 2012 வரை ஓடியது. எனக்கு என்எஸ்எஃப்நெட் ஏற்பாடுதான் சரி என்று படுகிறது.