ஆசாரிப்பள்ளமா, திருவனந்தபுரமா?

சிரோசிஸால் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய்) வயிற்றில் நீர் கோத்தவருக்குத் திடீரெனக் காய்ச்சல், வயிற்றுவலி, பேச்சில் தடுமாற்றம். எங்கே கொண்டுபோவது என்று நாகர்கோவில் பக்கம் பலர் குழம்புகிறார்கள்.

நேரம்: ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது.
திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர். களியக்காவிளை நெரிசல் வேறு.

எனக்கு இதுதான் முக்கியம். வயிற்று நீரில் தொற்று இருக்கிறதா என்று அதை ஊசியால் எடுத்துப் பார்ப்பது 12 மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால் உயிராபத்து கூடுகிறது. அந்த நீரில் ஒரு கன மில்லிமீட்டருக்கு நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு 250-ஐத் தொட்டாலே, கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) முடிவுக்குக் காத்திராமல் ஆன்டிபயாடிக் ஊசி தொடங்க வேண்டும். சிறுநீரகத்தைக் காக்க ஆல்புமின் என்ற புரதத்தையும் ஏற்றுவார்கள்.

செலவு: அரசு மருத்துவமனையில் இலவசம்.
திருவனந்தபுரத்தில் தனியார் என்றால் கையைக் கடிக்கும்.

சரி, திருவனந்தபுரம் எதற்கு? தொற்று அடங்கிய பிறகு, கல்லீரல் மாற்று சிகிச்சை பற்றிக் கேட்க. அதையும் தள்ளிப்போடாதீர்கள். ஆனால் காய்ச்சலோடு அவ்வளவு தூரம் கிளம்ப மட்டும் வேண்டாம்.