புருவ நடுவே இரண்டு கோடுகள்: ஆறு ஆண்டு க்ரீமும் நான்கு முறை ஊசியும்

எனக்கு இப்போது 52 வயது. திருச்சியில் பள்ளி ஆசிரியை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஸ்கூட்டரில்தான் போய் வருகிறேன். வீட்டுக்குக் கிழக்கே பள்ளி. அதனால் காலையில் போகும்போதும் மாலையில் திரும்பும்போதும் வெயில் நேராக முகத்தில்தான் அடிக்கும். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் புருவங்களுக்கு நடுவே செங்குத்தாக இரண்டு கோடுகள் விழுந்துவிட்டன. வயது தெரிவதில் எனக்குப் பெரிய வருத்தம் இருந்ததில்லை. ஆனால் ஒருநாள் ஆறாம் வகுப்புக் குழந்தை ஒருத்தி, "டீச்சர், எங்கள் மேல் கோபமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். அன்று நான் உண்மையில் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தேன். அந்தக் கேள்வி மனத்தைவிட்டுப் போகவில்லை.

முதல் இரண்டு ஆண்டுகளை ஒரே ஒரு க்ரீமில் செலவழித்தேன். பெயர் சொல்ல விரும்பவில்லை. சுருக்கத்தைப் போக்கப் போடும் போடாக்ஸ் ஊசி இல்லாமலே அந்த ஊசியின் பலன் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள். 30 கிராம் 2,400 ரூபாய். தடவிய ஒரு மணி நேரத்தில் முகம் மினுமினுக்கும், மெல்லிய கோடுகள் மங்கும். மாலையில் பார்த்தால் எல்லாம் பழையபடி இருக்கும். தோல் ஈரத்தை உறிஞ்சிச் சற்று உப்புவதால் வரும் மாற்றம் அது என்றும், நல்ல மாய்ஸ்சரைசர் எதுவும் அதைச் செய்யும் என்றும் பின்னால் தோல் மருத்துவர் விளக்கினார்.

அவர் சொன்ன இன்னொரு விஷயத்தை முன்பே அறிந்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். போடாக்ஸ் ஊசியில் இருப்பது போட்டுலினம் நச்சு என்ற புரதம், மிக மிக நுண்ணிய அளவில். தசையைச் சுருங்கச் சொல்லும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் நரம்பு முனையிலிருந்து தசைக்குப் போய்ச் சேராமல் அது தடுக்கிறது. அதனால்தான் தசை தளர்கிறது. அந்தப் புரதத்தின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 1,50,000 டால்டன் (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு). தோலின் மேலடுக்கைத் தாண்டி உள்ளே இறங்க ஒரு மூலக்கூறு 500 டால்டனுக்குள் இருக்க வேண்டும் என்பது தோல் மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் அளவு. நான் வாங்கிய க்ரீமில் இருந்த பெப்டைடு, அதாவது சிறு புரதத் துண்டு, 900 டால்டனை ஒட்டியது. அது தோலைத் தாண்டினாலும், புருவத்தைச் சுளிக்கும் தசை இன்னும் ஆழத்தில் இருக்கிறது. விரல் நுனியால் மேலே தடவுவது அங்கே எப்படிப் போய்ச் சேரும்?

அவர் எழுதிக் கொடுத்தது 0.025 சதவீத ட்ரெட்டினாயின் க்ரீம். இது அழகுசாதனப் பொருள் அல்ல, மருந்துச் சீட்டோடு வாங்க வேண்டிய மருந்து. 1971இல் அமெரிக்காவில் முகப்பருவுக்கு அனுமதி பெற்றது. 1995இல் மெல்லிய சுருக்கங்களுக்கும் அனுமதி கிடைத்தது. இதன் மூலக்கூறு எடை 300தான், ஆகவே உள்ளே போகிறது. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் சிதைவதைக் குறைத்து, புதிதாக உருவாகவும் தூண்டுகிறது.

முதல் ஆறு வாரம் கடினமாக இருந்தது. மூக்கின் ஓரமும் வாயின் ஓரமும் வெடித்து உரிந்தன. காரக் குழம்பு உதட்டோரம் பட்டாலே எரிந்தது. வாரம் இரண்டு இரவு மட்டும், முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு, முதலில் மாய்ஸ்சரைசர், அதன் மேல் மருந்து என்று முறையை மாற்றிக்கொண்ட பிறகுதான் தாங்கியது. நான்கு மாதத்தில் தோல் வழவழப்பானது. ஓராண்டு முடிந்தபோது கண்ணோர மெல்லிய கோடுகள் குறைந்திருந்தன. கன்னத்தில் இருந்த பழுப்புத் திட்டுகள் வெளுத்தன. கர்ப்பிணிகளும் கர்ப்பம் எதிர்பார்ப்பவர்களும் இதைத் தொடவே கூடாது.

கூடவே காலையில் சன்ஸ்கிரீன். ஆஸ்திரேலியாவில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரிடம் நாலரை ஆண்டு நடத்தி 2013இல் வெளியான ஆய்வில், தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களின் தோல் மற்றவர்களைவிட 24 சதவீதம் குறைவாக மூப்படைந்திருந்தது. இவ்வளவு தெளிவான பலனை எந்த விலையுயர்ந்த குப்பியிலும் நான் கண்டதில்லை.

ஆனால் புருவ நடுக் கோடுகள்? அசையவே இல்லை. அதனால்தான் ஐம்பதாவது வயதில் ஊசிக்குச் சம்மதித்தேன். ஐந்து இடங்களில் நாலு நாலு யூனிட், மொத்தம் 20. எறும்பு கடித்தது போன்ற வலி. மூன்றாம் நாள் நெற்றி கனத்தது. பத்தாம் நாள் கண்ணாடி முன் நின்று புருவத்தைச் சுளிக்கப் பார்த்தேன், சுளிக்க முடியவில்லை. இரண்டு ஆண்டு க்ரீம் செய்யாததைப் பத்து நாள் செய்துவிட்டது. இருந்தாலும், முகம் சும்மா இருக்கும்போதும் தெரிகிற பள்ளம் முழுதாக மறையவில்லை, பாதியாகத்தான் ஆனது. மூன்றாவது ஊசிக்குப் பிறகுதான் அது நன்றாக ஆழம் குறைந்தது. பலன் ஒவ்வொரு முறையும் மூன்றரை மாதத்துக்கு மேல் நீடிக்கவில்லை.

இரண்டாவது முறை பணத்தை மிச்சப்படுத்த ஓர் அழகு நிலையத்துக்குப் போனது என் தவறு. மருந்துக் குப்பியை என் கண்முன் திறக்கவில்லை, எத்தனை யூனிட் என்றும் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் இடது இமை தாழ்ந்துவிட்டது. அது சரியாவதற்கு ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் வகுப்பில் நிற்கக் கூசினேன். தயவுசெய்து தோல் மருத்துவரிடம் மட்டும் போங்கள். குப்பியின் பெயரையும் காலாவதித் தேதியையும் கேட்டுப் பாருங்கள். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், மயஸ்தீனியா போன்ற தசை நரம்பு நோய் உள்ளவர்களுக்கு இந்த ஊசி கூடாது.

செலவு: யூனிட்டுக்கு 300 ரூபாய் வீதம் ஒரு முறைக்கு 6,000. ட்ரெட்டினாயின் டியூப் ஒன்று 200 ரூபாய்க்குள், எனக்கு மூன்று மாதம் வரும்.

ஊசி என் கன்னத்துத் திட்டுகளை மாற்றவில்லை, தோலின் சொரசொரப்பையும் தொடவில்லை. அவற்றைச் சரிசெய்தது ட்ரெட்டினாயின் க்ரீம்தான். புருவ நடுவே க்ரீம் தோற்றது, ஊசி வென்றது. ஒன்று மற்றொன்றுக்கு மாற்று என்று யாராவது விற்றால் நான் வாங்கமாட்டேன்.

கண்ணோரத்திலும் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொன்னார். வேண்டாம் என்றேன். என் அம்மா சிரிக்கும்போது கண்ணோரம் விரியும் அதே கோடுகள் எனக்கும் வந்திருக்கின்றன. அவை இருக்கட்டும். புருவ நடுவுக்கு மட்டும் ஆண்டுக்கு இரண்டு முறை என்று நிறுத்திக்கொண்டேன். அடுத்தது மே விடுமுறையில். டியூப் தீரப் போகிறது, நாளை பள்ளி விட்டதும் சீட்டோடு மருந்துக் கடைக்குப் போக வேண்டும்.