வேகமா, அனுமதியா? வலையமைப்புகளில் வைரஸ் பரவும் வழிகள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

இணைக்கப்பட்ட கணினிகளுக்கிடையே தீநிரல்கள் தாவுவதற்கு இதுவரை பயன்பட்டுள்ள வழிகளைப் பெரும்பாலும் நான்கில் அடக்கிவிடலாம். முகவரிகளைக் கண்மூடித்தனமாகத் துழாவி, பாதுகாப்பு ஓட்டை உள்ள கணினியைக் கண்டுபிடித்து நுழைவது முதலாவது. மின்னஞ்சலில் தன் பிரதியைத் தானே அனுப்பிக்கொள்வது இரண்டாவது. பென் டிரைவ் போன்ற சாதனங்களில் ஏறிக்கொள்வது மூன்றாவது. ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற கடவுச்சொற்களையும் மென்பொருள் அப்டேட்களையும் கைப்பற்றி, முறையான பயனரைப் போலவே நடமாடுவது நான்காவது. பேச்சுவழக்கில் இவை அனைத்தையுமே வைரஸ் என்கிறோம். தானாகப் பரவுபவற்றைப் புழு என்று தனியாகச் சொல்வதும் உண்டு. இவற்றை ஒப்பிடுபவர்கள் வழக்கமாக வேகத்தைத்தான் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு வழியை எந்தத் தடுப்பு நிறுத்துகிறது, அந்தத் தடுப்பு நம்மிடம் இருக்கிறதா என்று பார்த்தால் வரிசை வேறு மாதிரி அமைகிறது என்பது என் கருத்து.

வேகத்தில் முதல் வழிக்கு ஈடு இல்லை. 2003 ஜனவரி 25 அன்று கிளம்பிய ஸ்லாமர் புழுவின் மொத்த அளவே 376 பைட்தான். மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளில் இருந்த ஓர் ஓட்டையை, யூடிபி என்ற தரவு அனுப்பும் முறையில், 1434 என்ற எண்ணிட்ட வாசலின் (போர்ட்) வழியாக அது தாக்கியது. பெறுபவரோடு முதலில் இணைப்பை ஏற்படுத்திக்கொண்டு, பதிலுக்குக் காத்திருந்து, அதன் பிறகே தரவை அனுப்பும் நடைமுறை யூடிபியில் கிடையாது; ஒரே ஒரு தரவுத் துண்டை (பாக்கெட்) வீசினால் போதும், அது போய்ச் சேர்ந்த இடத்தில் ஓட்டை இருந்தால் அந்தக் கணினியும் அக்கணமே வீசத் தொடங்கிவிடும். தொடக்கத்தில் சுமார் எட்டரை வினாடிக்கு ஒருமுறை தொற்றிய கணினிகளின் எண்ணிக்கை இரட்டிப்பானது; பத்தே நிமிடங்களில், பாதிக்கப்படக்கூடியவற்றில் ஏறத்தாழ 90 சதவீதம் தொற்றுக்கு ஆளாகிவிட்டன. இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் திருத்த நிரல் (பேட்ச்) 2002 ஜூலையிலேயே, அதாவது ஆறு மாதம் முன்பே, வெளியாகியிருந்தது. வேறு மென்பொருள்களோடு சேர்ந்து எஸ்க்யூஎல் சர்வரின் சிறிய பதிப்பும் நிறுவப்பட்டிருந்ததால், தங்கள் கணினியில் அப்படி ஒன்று ஓடுகிறது என்பதையே அறியாதவர்கள் பேட்ச் போடாமல் இருந்ததில் வியப்பில்லை.

ஆனால் இந்த வேகமே அதற்குப் பகையாகவும் அமைந்தது. தொற்றிய கணினிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பாக்கெட்டுகளைக் கொட்டியதில் இணைப்புகள் திணறின. புழுவின் பரவல் விகிதம் அதனாலேயே சில நிமிடங்களில் தளர்ந்தது. அது வன்தட்டில் எந்தக் கோப்பையும் எழுதாமல் நினைவகத்தில் மட்டுமே வாழ்ந்ததால், கணினியை மறுதொடக்கம் செய்தால் அழிந்துவிடும். ஆயினும் பேட்ச் போடாமல் மீண்டும் இணைத்தால் உடனே மறுபடி தொற்றிக்கொள்ளும். குறிப்பிட்ட ஒரு போர்ட்டை மட்டுமே நம்பியிருந்ததால், இணையச் சேவை நிறுவனங்கள் 1434-ஐ அடைத்தவுடன் அதன் பாதை மூடப்பட்டுவிட்டது. சத்தம் போட்டுக்கொண்டு வருகிற திருடனை ஊரே விழித்துப் பிடித்துவிடும் என்பதுபோல, துழாவிப் பரவும் புழுக்கள் தங்கள் இருப்பைத் தாங்களே அறிவித்துவிடுகின்றன.

இவ்வழியின் இன்னொரு பலவீனம், முகவரிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையில் இருக்கிறது. 2001 ஜூலையில் வெளிவந்த கோட் ரெட் புழுவின் முதல் வடிவத்தில், ஒழுங்கற்ற (ரேண்டம்) எண்களை உருவாக்கும் பகுதிக்கு எல்லாக் கணினிகளிலும் ஒரே தொடக்க எண் கொடுக்கப்பட்டிருந்தது. ஆகவே புதிதாகத் தொற்றிய ஒவ்வொரு கணினியும் பழைய பட்டியலையே முதலிலிருந்து துழாவி, ஏற்கெனவே தொற்றியவற்றின் கதவையே தட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பிழை நீங்கிய வடிவம் ஜூலை 19 அன்று பதினான்கு மணி நேரத்துக்குள் 3,59,000 கணினிகளைத் தொற்றியது. அடுத்த மாதம் வந்த கோட் ரெட் 2, பெயரில் மட்டுமே முன்னதன் வாரிசு, நிரல் வேறு. அது எட்டு முயற்சிகளில் ஒன்றை மட்டும் எங்கோ ஒரு முகவரிக்கு அனுப்பிவிட்டு, மற்ற ஏழையும் தன் முகவரியை ஒத்த, அருகிலுள்ள முகவரிகளுக்கே அனுப்பியது. ஒரு நிறுவனத்தில் ஒரு கணினிக்கு ஓட்டை இருந்தால் பக்கத்துக் கணினிக்கும் அதே ஓட்டை இருக்க வாய்ப்பு அதிகம், போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வாலைத் தாண்டி உள்ளே ஒருமுறை வந்துவிட்டால் பிறகு தடையே இல்லை என்ற கணக்கு அதில் இருந்தது. பின்னாளில் வந்தவை இந்தக் கணக்கையே பெரிதும் கையாண்டன. இணைய முகவரி முறையின் பழைய வடிவமான ஐபிவி4-இல் மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகள்தான் என்பதால் குருட்டுத் துழாவல் பலித்தது. புதிய வடிவமான ஐபிவி6-இல் ஒரு சாதாரண உட்பிரிவுக்குள்ளேயே அதைவிடப் பல நூறு கோடி மடங்கு முகவரிகள் உள்ளன என்பதால் அங்கே அது வெறும் கால விரயம்.

மின்னஞ்சல் வழி இதற்கு நேர் எதிர். 1999 மார்ச்சில் பரவிய மெலிசா, வேர்ட் ஆவணத்துக்குள் வைக்கப்படும் சிறு நிரலான மேக்ரோவில் ஒளிந்திருந்து, அவுட்லுக் முகவரிப் பட்டியலில் உள்ள முதல் 50 முகவரிகளுக்குத் தன்னை அனுப்பியது. 2000 மே 4 அன்று பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய ஐ லவ் யூ, பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் அனுப்பியது. இரண்டுக்குமே மென்பொருளில் ஓட்டை எதுவும் தேவைப்படவில்லை. தெரிந்தவரின் பெயரில் வந்த கடிதத்தை ஒருவர் திறக்க வேண்டும், அவ்வளவே. கோப்பின் உண்மையான வகையைக் காட்டும் கடைசிப் பகுதியை விண்டோஸ் இயல்பாகவே மறைத்து வைத்ததால், நிரல் கோப்பு ஒன்று சாதாரண எழுத்துக் கோப்பாகத் தோன்றியதும் ஐ லவ் யூவுக்குத் துணைபோயிற்று. மனிதர் திறக்கும் வரை காத்திருக்க வேண்டியிருப்பதால் இதன் வேகம் வினாடிகளில் வராது; அலுவலக நேரம் தொடங்கும் நாடுகளின் வரிசையில் மணிக்கணக்கில் முன்னேறும்.

இவ்விரண்டையும் வேறுபடுத்துவது வேகத்தைவிட வலையமைப்பின் வடிவம்தான். துழாவும் புழுவுக்கு எல்லாக் கணினிகளும் ஒன்றே; யாருக்கு எத்தனை தொடர்புகள் என்பது அதற்குப் பொருட்டல்ல. தொற்று நோயியலில் சொல்லப்படும் எளிய கணக்கு இங்கே ஏறக்குறைய அப்படியே பொருந்தும்: தொற்றிய ஒரு கணினி சராசரியாக ஐந்து கணினிகளைத் தொற்றும் என்றால், ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பேட்ச் போட்டுவிட்டால் பரவல் தானாகத் தேய்ந்துவிடும். மின்னஞ்சல் வலையமைப்பில் அந்தக் கணக்கு நிற்பதில்லை. அங்கே பலருக்குச் சில தொடர்புகளும், மிகச் சிலருக்கு ஆயிரக்கணக்கான தொடர்புகளும் இருக்கின்றன. இத்தகைய வலையமைப்புகள் மிகப் பெரிதாகும்போது, அதற்குக் கீழே போனால் தொற்று அழிந்துவிடும் என்று சொல்லத்தக்க வரம்பே இல்லாமல் போகக்கூடும் என்பதை 2001-இல் ரொமுவால்டோ பாஸ்டர்-சடோராஸ், அலெஸாண்ட்ரோ வெஸ்பின்யானி ஆகிய இயற்பியலாளர்கள் காட்டினார்கள். யாரென்று பார்க்காமல் பாதிப் பேரைப் பாதுகாத்தாலும், மீதமுள்ள ஒரு சில மையக் கணுக்கள் தொற்றை உயிரோடு வைத்திருக்கும். மாறாக, அந்த மையங்களை மட்டும் தேடிப்பிடித்துப் பாதுகாத்தால் குறைந்த உழைப்பிலேயே பரவல் உடைந்துவிடும். நடைமுறையில் மின்னஞ்சல் வைரஸ்களை அடக்கியதும் இந்த வழிதான். கோடிக்கணக்கான மேசைக் கணினிகளைத் திருத்தியதைக் காட்டிலும், எல்லாக் கடிதங்களும் கடந்து செல்லும் மெயில் சர்வர்களில், கடிதத்தோடு வரும் இயங்கத்தக்க கோப்புகளை வடிகட்டியதே அதிகப் பலன் தந்தது.

பென் டிரைவ் வழியைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. மெதுவானது, ஆனால் வேறு எதுவும் செல்ல முடியாத இடத்துக்குச் செல்லும். ஈரானின் நதான்ஸ் அணு மையத்தில் இணையத்தோடு தொடர்பற்றிருந்த கணினிகளை ஸ்டக்ஸ்நெட் எட்டியது இவ்வழியில்தான் என்று பரவலாகக் கருதப்படுகிறது. அது 2010-இல் வெளிச்சத்துக்கு வந்தது. 2008 நவம்பரில் தோன்றிய கான்ஃபிக்கரோ பென் டிரைவை மாற்று வழியாக வைத்துக்கொண்டு, ஓட்டை வழியாகவும் எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொற்கள் வழியாகவும் சேர்த்தே பரவியது. பென் டிரைவைச் செருகியவுடன் தானாக நிரலை இயக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2011 பிப்ரவரியில் பழைய விண்டோஸ்களிலும் அப்டேட் மூலம் முடக்கிய பிறகு, பொதுப் பயனர்களைப் பொறுத்தவரை இவ்வழியின் பெருமை பெரும்பாலும் முடிந்துவிட்டது.

நான்காவது வழியைப் புரிந்துகொள்ள, 2017-இல் ஆறு வார இடைவெளியில் நடந்த இரு தாக்குதல்களை அருகருகே வைத்துப் பார்ப்பதே சிறந்தது. இரண்டும், விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையைத் தாக்கும் எடர்னல்புளூ என்ற ஒரே ஆயுதத்தைக் கையில் வைத்திருந்தன. மே 12 அன்று வந்த வானாக்ரை, கோப்புப் பகிர்வுச் சேவையில் இருந்த அந்த ஓட்டையைப் பயன்படுத்தி இணையம் முழுவதையும் துழாவியது. அதற்கான பேட்ச் மார்ச் 14 அன்றே வந்திருந்ததால், போட்டவர்களின் கணினிகளுக்குள் அது அவ்வழியே பரவ முடியவில்லை. போடாதவர்களில் 150 நாடுகளைச் சேர்ந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் சிக்கின. நிரலுக்குள் எழுதப்பட்டிருந்த, யாரும் பதிவு செய்திராத ஒரு வலைத்தளப் பெயரை மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற இளைஞர் பதிவு செய்தவுடன் அந்த வடிவத்தின் பரவல் நின்றது.

ஜூன் 27 அன்று வந்த நாட்பெட்யா இணையத்தைத் துழாவவே இல்லை. உக்ரைனில் வரிக் கணக்குகளுக்குப் பரவலாகப் பயன்பட்ட எம்.ஈ.டாக் என்ற மென்பொருளின் அப்டேட் சர்வரைக் கைப்பற்றியவர்கள், அதிகாரபூர்வ அப்டேட்டாகவே அதை நிறுவனங்களுக்குள் இறக்கினார்கள். உள்ளே வந்ததும் அது விண்டோஸின் நினைவகத்தில் தங்கியிருக்கும் உள்நுழைவு விவரங்களைப் பிரித்தெடுத்தது. பழுது பார்க்க வந்த நிர்வாகி (அட்மின்) ஒருவர் அந்தக் கணினியில் தன் கணக்கால் நுழைந்திருந்தால், அவருடைய அதிகாரம் முழுவதும் அதன் கைக்கு வந்துவிடும். பிறகு நிர்வாகிகள் அன்றாடம் தொலைவிலிருந்து கணினிகளை இயக்கப் பயன்படுத்தும் பிஎஸ்எக்ஸெக், டபிள்யூஎம்ஐ என்ற மைக்ரோசாஃப்ட்டின் சொந்தக் கருவிகளைக் கொண்டே அடுத்த கணினியில் தன்னை இயக்கியது. தான் இருப்பது ஒரு சர்வர் என்று கண்டால், எந்தெந்தக் கணினிகள் உள்ளன என்பதை, கணினிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி சேவையிடமே கேட்டுத் தெரிந்துகொண்டது. குருட்டுத் துழாவலுக்குத் தேவையே இல்லை. எடர்னல்புளூவுக்குப் பேட்ச் போட்டிருந்த கணினிகளும் இதனாலேயே விழுந்தன. டென்மார்க்கைச் சேர்ந்த மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாட்களில் மறுபடி நிறுவ வேண்டியிருந்தது. அந்நிறுவனத்தின் பயனர் கணக்குகளைத் தாங்கும் டொமைன் கன்ட்ரோலர்களில், கானாவில் மின்தடையால் அணைந்திருந்த ஒன்று மட்டுமே பிழைத்திருந்தது.

இப்படி அனுமதியைக் கைப்பற்றிப் பரவுவது புதிய சிந்தனை என்றும் சொல்ல முடியாது. 1988 நவம்பர் 2 அன்று கிளம்பிய மாரிஸ் புழு, மென்பொருள் ஓட்டைகளோடு நிற்காமல் கடவுச்சொற்களை ஊகித்தும், ஒரு கணினி இன்னொன்றைக் கடவுச்சொல் கேட்காமலே ஏற்றுக்கொள்ளும் ஏற்பாட்டைப் பயன்படுத்தியும் பரவியது. 2016-இல் கேமராக்களையும் ரௌட்டர்களையும் சேர்த்துக்கொண்ட மிராய், உற்பத்தியாளர்கள் வைத்துவிட்டுப்போன அறுபதுக்கும் மேற்பட்ட பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளின் பட்டியலை மட்டுமே நம்பியிருந்தது.

இனித் தடுப்புகளுக்கு வருவோம். பேட்ச் போடுவது முதல் வழிக்கு முழு மருந்து. இரண்டாவதற்கும் நான்காவதற்கும் அரை மருந்துகூட ஆகாது. கோப்புகளைச் சோதிக்கும் பழைய பாணி ஆன்டிவைரஸ் மின்னஞ்சல் இணைப்புகளிடமும் பென் டிரைவ்களிடமும் நன்றாக வேலை செய்யும். கோப்பே இல்லாத ஸ்லாமரிடம் சோதிப்பதற்கு எதுவும் இல்லை, மைக்ரோசாஃப்ட்டின் சொந்தக் கருவியை ஓர் அட்மின் இயக்குகிறாரா, வைரஸ் இயக்குகிறதா என்பதைப் பிரித்தறிவதும் அதற்குக் கடினம். வலையமைப்பைப் பிரிவுகளாக வெட்டி, அவற்றுக்கிடையே தேவையான போக்குவரத்தை மட்டும் அனுமதிப்பது, முதல் வழியையும் நான்காவது வழியையும் ஒருசேரக் கட்டுப்படுத்தும் ஒரே தடுப்பு. ஆனால் அது பராமரிக்கப்பட்டால்தான் பயன். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தில் ஃபயர்வால் ஸ்லாமர் தாக்கிய போர்ட்டைத் தடுத்தே வைத்திருந்தது, எனினும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் தனி இணைப்பு அந்த ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு நேரே உள்ளே போனதால் புழுவும் அவ்வழியே போய், பாதுகாப்பு அளவீடுகளைக் காட்டும் திரையை ஏறத்தாழ ஐந்து மணி நேரம் முடக்கியது. அங்கே அணு உலை அப்போது இயங்காமல் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

ஆகவே நூற்றுக்கணக்கான கணினிகள் உள்ள ஒரு நிறுவனத்தில், எதை முதலில் செய்வது என்று என்னைக் கேட்டால், மேசைக் கணினியிலிருந்து மேசைக் கணினிக்கு நேரடியாகச் செல்லும் கோப்புப் பகிர்வு இணைப்புகளை அடைப்பதையே சொல்வேன். பெரும்பாலான அலுவலகங்களில் மேசைக் கணினிகள் சர்வர்களோடுதான் பேச வேண்டும், ஒன்றோடொன்று பேச வேண்டிய காரணமே இல்லை; விண்டோஸிலேயே உள்ள ஃபயர்வாலை வைத்துச் செலவில்லாமல் இதைச் செய்துவிடலாம். அடுத்தது, வலையமைப்பு முழுவதன் மீதும் அதிகாரமுள்ள டொமைன் அட்மின் கணக்கால் சாதாரணக் கணினிகளில் நுழைவதை நிறுத்துவதும், ஒவ்வொரு கணினியின் உள்ளூர் அட்மின் கடவுச்சொல்லையும் வெவ்வேறாக வைப்பதும். பேட்ச் அதற்குப் பின் மூன்றாவதாகத்தான் வரும். பேட்ச் முதலில் என்று காலங்காலமாகச் சொல்லி வருபவர்களுக்கு இது உறுத்தும். இணையத்துக்கு நேரே திறந்திருக்கும் சர்வர்களைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வதே சரி, அங்கே ஒருநாள் தாமதமும் ஆபத்து. உள்ளே இருக்கும் கணினிகளுக்குத்தான் என் வரிசை. ஒரு ரௌட்டரும் நான்கைந்து சாதனங்களும் மட்டுமே உள்ள வீட்டு வலையமைப்புக்கு இந்த வரிசை பொருந்தாது. அங்கே ரௌட்டரின் கடவுச்சொல்லை மாற்றுவதும், தானியங்கி அப்டேட்டை அணைக்காமல் விட்டுவைப்பதும் மற்ற எதையும்விட முந்தியவை.